மனநோயும் கருணைக்கொலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக்கு இந்தக் கேள்வி சட்டப் புத்தகத்திலிருந்து வரவில்லை. மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோயோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடிய என் அக்கா, ஓர் இரவு என்னிடம் கேட்டார்: "நாய்க்கு வலி தாங்கவில்லை என்றால் ஊசி போட்டு அனுப்பிவைக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் தம்பி கூடாது?" அன்று என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு நான் தேடிப் படித்தவற்றையும், மனநோயாளிகளின் குடும்பத்தார் என்னிடம் கேட்ட கேள்விகளையும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. நடுநிலையாளனும் அல்ல. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப் போகத் தெரிந்துவிடும். அதை மறைக்கப் போவதில்லை.

"கருணைக்கொலை" என்ற சொல்லே சரிதானா?

புழக்கத்தில் உள்ள சொல் என்பதால் நானும் அதையே எழுதுகிறேன். ஆனால் அதன் முதல் பாதி செயலை ஆதரிக்கிறது, இரண்டாம் பாதி கண்டிக்கிறது. பேச்சைத் தொடங்கும் முன்பே இரண்டு தீர்ப்புகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

எந்தச் செயலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. மீள முடியாத நிலையில் கிடப்பவருக்கு உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்வது ஒன்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்தது இதை மட்டுமே. நோயாளி கேட்டுக்கொண்டதன் பேரில் மருத்துவரே மருந்தைச் செலுத்தி உயிரை முடிப்பது இன்னொன்று. மருத்துவர் மருந்தை எழுதிக் கொடுக்க, நோயாளி தானே எடுத்துக்கொள்வது மூன்றாவது. மனநோயில் விலக்குவதற்குப் பெரும்பாலும் கருவி எதுவும் இல்லை. ஆகவே இங்கே பேசப்படுவது பின்னவை இரண்டையும்தான். உடலில் சாகும் நோய் ஏதும் இல்லாதவர், மனநோயின் வேதனையை மட்டுமே காரணமாகச் சொல்லிச் சாவைக் கேட்கிறார். அவருக்கு உதவலாமா என்பதே கேள்வி.

இதை எங்கே அனுமதிக்கிறார்கள்?

நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய இரு நாடுகளிலும் 2002 முதல் சட்டம் இருக்கிறது. லக்சம்பர்க்கில் 2009 முதல். நோய் உடலிலா மனத்திலா என்று இந்தச் சட்டங்கள் பிரிப்பதில்லை. வேதனை தாங்க முடியாததா, தேறும் வழி இல்லையா, கேட்பவர் தெளிவோடும் தன் விருப்பத்தோடும் கேட்கிறாரா என்றே பார்க்கின்றன. பெல்ஜியத்தில், விரைவில் சாகும் நிலையில் இல்லாதவர் கேட்டால் கூடுதலாக ஒரு மருத்துவரின் கருத்தும், குறைந்தது ஒரு மாதக் காத்திருப்பும் வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் வழி வேறு. சுயநல நோக்கமில்லாமல் ஒருவரின் தற்கொலைக்கு உதவுவது அங்கே குற்றமில்லை. 2006-இல் இருமுனை மனநோய் உள்ள ஒருவர் தொடுத்த வழக்கில் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. சாகும் ஆசை, சிகிச்சைக்கு இணங்கும் நோயின் வெளிப்பாடு என்றால் உதவக் கூடாது. நன்கு எண்ணி எடுத்த, நீடித்து நிற்கும் சொந்த முடிவு என்றால் உதவலாம். இரண்டில் எது என்று சொல்ல ஆழமான மனநல ஆய்வு வேண்டும். அக்காவுக்கும் அதே நோய் என்பதால் அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பல முறை படித்தேன். கோடு தெளிவானது. அதை ஒரு மனிதருக்குள் எங்கே வரைவது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கனடாவின் கதை தயக்கத்தின் கதை. 2021-இல் சட்டத்தை விரித்தபோது, மனநோயை மட்டுமே காரணமாகக் கொண்டவர்களுக்கான வாசலை 2023 மார்ச்சில் திறப்பதாகச் சொன்னார்கள். பிறகு 2024 என்றார்கள். அதன் பின் 2027 மார்ச் வரை தள்ளிவைத்தார்கள். தேவையான ஏற்பாடுகள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். அமெரிக்காவில் ஓரிகன் போன்ற மாநிலங்கள், ஆறு மாதத்துக்குள் இறக்கக்கூடியவர் என்று கணிக்கப்பட்டவருக்கு மட்டுமே அனுமதி தருகின்றன. மனநோய் மட்டும் உள்ளவருக்கு அங்கே இடமில்லை.

இது எப்படித் தொடங்கியது?

சட்டம் வருவதற்கு முன்பே, ஒரு தாயிடமிருந்து. 1991-இல் நெதர்லாந்தில், இரண்டு மகன்களையும் இழந்த ஐம்பது வயதுப் பெண் ஒருவர் பௌதவைன் ஷாபோ என்ற மனநல மருத்துவரிடம் வந்தார். உடம்பில் நோய் எதுவும் இல்லை. வாழ வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார், சிகிச்சையை மறுத்தார். ஷாபோ சக மருத்துவர்கள் பலரிடம் கலந்து பேசிய பின் அந்தப் பெண் சாக உதவினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994-இல் வந்த தீர்ப்பு, வேதனையின் தோற்றுவாய் உடலா மனமா என்பது முக்கியமில்லை என்றது. அதே சமயம் ஷாபோவைக் குற்றவாளி என்றது. கருத்துச் சொன்ன மருத்துவர்களில் ஒருவர்கூட அந்தப் பெண்ணை நேரில் பார்த்திருக்கவில்லை என்பதே காரணம். தண்டனை விதிக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, 2017-இல், அதே ஷாபோ செய்தித்தாளில் ஓர் எச்சரிக்கை எழுதினார். மனநோயாளிகளுக்கும் மறதி நோய் உள்ளவர்களுக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு தேய்ந்துவருகிறது என்பது அதன் சாரம். கதவைத் திறந்தவரே திரும்பி நின்று சொன்னது என்பதால் அதை நான் அலட்சியமாகக் கடந்துபோக மாட்டேன்.

மனவேதனை உடல்வேதனைக்கு ஈடாகுமா?

ஆகும். இதில் எனக்குக் கொஞ்சமும் ஐயம் இல்லை. அக்காவுக்கு ஒருமுறை இடுப்பெலும்பு முறிந்தது. கத்தும் அளவுக்கு வலி. மாதங்கள் கழித்து, ஆழ்ந்த மனச்சோர்வில் கிடந்தபோது சொன்னார்: "எலும்பு உடைந்தபோது வலி ஓர் இடத்தில் இருந்தது. மற்ற இடத்தில் நான் இருந்தேன். இப்போது எனக்கென்று ஓர் இடமே மிச்சமில்லை."

கருணைக்கொலையை எதிர்ப்பவர்கள் பலர், "மனசுதானே, திடப்படுத்திக்கொண்டால் சரியாகிவிடும்" என்ற பழைய நினைப்பின் மேல் நின்று எதிர்க்கிறார்கள். அந்த இடத்தில் நின்று எதிர்ப்பதைவிட எதிர்க்காமலே இருக்கலாம். வேதனையைச் சிறுமைப்படுத்தி விட்டு உயிரின் மதிப்பைப் பேசினால், கேட்டுக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அது ஏச்சாகவே கேட்கும்.

மனநோய் உள்ளவரால் தெளிவான முடிவு எடுக்க முடியுமா?

பலரால் முடியும். நோயின் பெயரை மட்டும் வைத்து ஒருவரின் முடிவெடுக்கும் திறனை மறுப்பது தவறு. சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, அது தன் நிலைமைக்குப் பொருந்துவதை உணர்கிறாரா, காரணங்களை எடைபோடுகிறாரா, ஒரு தேர்வைச் சொல்கிறாரா என்று நான்கு படிகளாக மருத்துவர்கள் இந்தத் திறனைப் பார்க்கிறார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோர் இந்த நான்கையும் தாண்டிவிடுவார்கள்.

எனக்கு உறுத்துவது இரண்டாவது படி. "எனக்கு எந்தச் சிகிச்சையும் பலிக்காது" என்று ஒருவர் சொல்கிறார். இருபது ஆண்டு அனுபவத்திலிருந்து வந்த கணிப்பாக அது இருக்கலாம். நம்பிக்கையை அரித்துத் தின்னும் நோயே அவர் வாயால் பேசுவதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சொற்கள் ஒன்றே, குரலும் ஒன்றே. புற்றுநோய் ஒருவரின் உடலைத் தின்றாலும், பெரும்பாலும் எதிர்காலத்தைப் பார்க்கும் அவரது கண்ணை மறைப்பதில்லை. மனச்சோர்வின் முதல் வேலையே அந்தக் கண்ணை மறைப்பதுதான். கணக்குப் போடும் அறிவு பழுதில்லாமல் இருக்கும்போதே, கணக்கில் போடும் எண்கள் மாறிப்போகின்றன.

"இனிக் குணமாகாது" என்று மனநோயில் உறுதியாகச் சொல்ல முடியுமா?

எல்லா விவாதமும் கடைசியில் வந்து சேரும் இடம் இது. என் கருத்தும் இங்கேதான் உறுதிப்பட்டது.

புற்றுநோய்க்கு நிலைகள் உண்டு, ஸ்கேன் உண்டு, நிலைக்கு ஏற்ப எத்தனை பேர் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்ற கணக்கு உண்டு. மனநோயில் தனி ஒருவருக்கு அப்படிச் சொல்ல உதவும் சோதனை எதுவும் இல்லை. மருத்துவர் சொல்லக்கூடியது, இதுவரை இவை பலிக்கவில்லை என்பது மட்டுமே.

ஒரு செய்தியை எண்ணிப் பாருங்கள். 1988-இல், மனச்சிதைவு நோயாளிகளிடம் நடத்திய ஒரு மருந்தாய்வின் முடிவு வெளிவந்தது. வேறு மருந்துகள் தோற்றுப்போனவர்களை மட்டுமே அதில் சேர்த்திருந்தார்கள். பழைய மருந்தில் நூற்றுக்கு நான்கு பேர் தேறினார்கள். அங்கே சோதித்த குளோசபின் என்ற மருந்தில் நூற்றுக்கு முப்பது பேர். அந்த முப்பது பேரும் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற பட்டியலில்தான் இருந்திருப்பார்கள். பட்டியல் போட்ட மருத்துவர் திறமையில்லாதவராக இருந்திருக்க வேண்டியதில்லை.

ஆளுமைக் கோளாறுகளை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் அலைக்கழிக்கும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு உள்ளவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பெரும்பாலோரிடம் நோயின் கடுமை தணிந்துபோனது. அவர்களை அவர்களுடைய இருபது வயதுகளில் பார்த்தவர்கள் இதை நம்பியிருக்க மாட்டார்கள்.

கருணைக்கொலையை ஆதரிக்கும் எதிர்த்தரப்பின் பதிலையும் சொல்லத்தான் வேண்டும். "நாளை ஒரு மருந்து வரலாம் என்று எவருக்கும் எப்போதும் சொல்லிக்கொண்டே போகலாம். வராத பஸ்ஸுக்காக ஒரு மனிதரை எத்தனை ஆண்டு வெயிலில் நிறுத்துவீர்கள்?" நேர்மையான கேள்வி. மின்னதிர்வுச் சிகிச்சை உட்பட எல்லாவற்றையும் பார்த்துவிட்ட ஒருவரிடம் "இன்னும் ஒன்று பார்ப்போம்" என்பது வன்முறையாகவும் மாறலாம். நோயாளிக்குச் சிகிச்சையை மறுக்கும் உரிமை உண்டு என்று நான் நம்புகிறேன். சிகிச்சையை நிறுத்தவும் உயிரை நிறுத்தவும் ஒரே உரிமை போதுமா என்ற இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். சிகிச்சையை நிறுத்தியவர் ஆறு மாதம் கழித்து மீண்டும் தொடங்கலாம்.

தற்கொலை எண்ணத்திலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

வேறுபடுகிறது என்பவர்கள் சொல்வது: தற்கொலை பெரும்பாலும் ஒரு கொந்தளிப்பில் நடப்பது, தனிமையில் நடப்பது. இந்தக் கோரிக்கையோ மாதக்கணக்கில், பலர் அறிய, பல மருத்துவர்களின் கேள்விகளைத் தாண்டி வருவது. உண்மைதான். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை குதிக்க முயன்று தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பற்றி 1978-இல் ஓர் ஆய்வு வந்தது. நூற்றில் தொண்ணூற்று நான்கு பேர் அதன் பின்னரும் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். அந்த எண்ணம் எவ்வளவு சீக்கிரம் கடந்துபோகக்கூடியது என்பதற்கு இதைவிட வலுவான சான்றை நான் பார்த்ததில்லை.

நீடித்த எண்ணம் வேறு வகை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீடிப்பதாலேயே அது நோயிலிருந்து விடுபட்டது ஆகிவிடாது. நோயும் நீடிக்கிறது அல்லவா? இன்னொரு நெருடலும் உண்டு. மனநல மருத்துவரின் முதல் கடமை, சாக விரும்புகிறவரின் பக்கத்தில் வாழ்வின் வழக்கறிஞராக நிற்பது. அதே மருத்துவர் அதே அறையில், இவருடைய விருப்பம் தகுதியானது, அவருடையது தகுதியற்றது என்று பிரிக்கும் நீதிபதியாகவும் உட்கார வேண்டும் என்றால், நோயாளி எந்த முகத்தை நம்புவது? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2016-இல், சாகும் நிலையில் இல்லாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் நோக்கில் மனநல மருத்துவர் எதையும் எழுதித் தரவோ செலுத்தவோ கூடாது என்று அறிவித்தது.

இந்த வழி இருக்கிறது என்று தெரிந்தாலே சிலர் வாழத் தொடங்குகிறார்கள் என்கிறார்களே?

எதிர்த்தரப்பு வைக்கும் மிக வலுவான சான்று இதுதான். பெல்ஜியத்தில் மனவேதனைக்காகக் கருணைக்கொலை கேட்ட நூறு பேரைப் பற்றி 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. 48 பேரின் கோரிக்கை ஏற்கப்பட்டது. 35 பேருக்கு நிறைவேற்றப்பட்டது. மீதி 13 பேரில் எட்டுப் பேர் தள்ளிவைத்தார்கள் அல்லது கைவிட்டார்கள். வழி ஒன்று இருக்கிறது என்ற நிம்மதியே வாழப் போதுமானதாக இருந்தது என்றார்கள்.

இதை முதலில் படித்தபோது நீண்ட நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பூட்டிய அறைக்குள் இருப்பவருக்குச் சாவி கையில் இருந்தாலே மூச்சு வருகிறது. ஆனால் அந்த எட்டுப் பேர் எனக்கு இன்னொன்றையும் சொல்கிறார்கள். கோரிக்கை ஏற்கப்பட்டபோது அவர்கள் வேதனையும் தாங்க முடியாதது, தேற வழியற்றது என்றே முடிவு செய்யப்பட்டிருந்தது. தங்கள் சொல்லை யாரோ மெய்யாகவே காது கொடுத்துக் கேட்டது அதை மாற்றிவிட்டது என்றால், அந்த முடிவு எவ்வளவு உறுதியானது?

எண்ணிக்கை கூடுகிறதா? யார் கேட்கிறார்கள்?

கூடுகிறது. நிறைவேற்றப்பட்ட கருணைக்கொலைகளை ஆராயும் நெதர்லாந்தின் மீளாய்வுக் குழுக்களின் கணக்குப்படி மனநோய்க்காக மட்டும் நிறைவேற்றப்பட்டவை 2010-இல் 2, 2023-இல் 138, 2024-இல் 219. அந்த ஆண்டின் மொத்தம் 9,958 என்பதால், பங்கு என்று பார்த்தால் இன்னும் சிறியதுதான்.

எண்ணிக்கையைவிட ஆட்களைப் பாருங்கள். 2011 முதல் 2014 வரையிலான 66 நெதர்லாந்து நிகழ்வுகளை அலசிய ஆய்வு 2016-இல் வந்தது. நூற்றுக்கு எழுபது பேர் பெண்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆளுமைக் கோளாறும் இருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு சிகிச்சையை மறுத்திருந்தார்கள். நான்கில் ஒரு நிகழ்வில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது, இருந்தும் நடந்தது. பாதிக்கு மேற்பட்ட அறிக்கைகளில் தனிமை பேசப்பட்டிருந்தது. தனிமைக்கு மருந்து இல்லைதான். ஆனால் அது மூளையின் நோயும் அல்ல. ஒரு மனிதரைச் சுற்றி ஆளில்லாமல் போனதை அவருடைய நோயின் தேறாத பகுதியாக எழுதிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டாமா?

பெல்ஜியச் சட்டப்படி நோயாளி விரும்பாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. 2012-இல் நாள்பட்ட மனச்சோர்வு உள்ள தாய் ஒருவர் இப்படி இறந்தார். மகனுக்கு மறுநாள்தான் தெரிந்தது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனது. 2022-இல் வந்த தீர்ப்பு, சட்டத்திலோ அந்த மரணத்திலோ மீறல் இல்லை என்றது. ஆனால் நிகழ்வுக்குப் பிந்தைய ஆய்வில் பிழை கண்டது: ஊசி போட்ட மருத்துவரே ஆய்வுக் குழுவிலும் இருந்தார்.

குடும்பம் எப்போதும் புகலிடமாக இருப்பதில்லை. சிலருக்குக் காயத்தின் ஊற்றே அதுதான். ஆகவே குடும்பத்துக்குத் தடுக்கும் அதிகாரம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் பிறருக்குத் தெரியாமல் முடிந்துபோகும் சாவு, இருப்பவர்கள் வாழ்நாள் முழுதும் பேசித் தீர்க்க முடியாத பேச்சாகிவிடுகிறது.

நாஜிகள் செய்ததும் இதுதானே?

இல்லை. ஹிட்லரின் ஜெர்மனியில் 1939 முதல் 1941 வரை "டி-4" திட்டத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனநோயாளிகளும் ஊனமுற்றவர்களும் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எவரும் சாவைக் கேட்கவில்லை. அது அரசு செய்த படுகொலை. இன்றைய பெல்ஜிய மருத்துவரை அதனோடு ஒப்பிடுவது அவருக்கும் அநீதி, கொல்லப்பட்டவர்களுக்கும் அநீதி. ஒன்றை மட்டும் அந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். "வாழத் தகுதியற்ற உயிர்" என்ற எண்ணம் முதலில் கற்றவர்களின் எழுத்தில் தோன்றியது. கருணை என்ற பெயரோடுதான் தோன்றியது.

உடல்நோயாளிக்கு அனுமதித்து மனநோயாளிக்கு மறுப்பது பாகுபாடு அல்லவா?

வேதனை குறைவு என்று சொல்லி மறுத்தால் பாகுபாடு. திறன் இல்லை என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லி மறுத்தாலும் பாகுபாடு. தேறாது என்பதை அறியும் வழி இந்த நோயில் நம்மிடம் இன்னும் இல்லை என்று சொல்லி மறுப்பது, நோயாளியைப் பற்றிய தீர்ப்பு அல்ல. மருத்துவத்தின் குறைபாட்டை ஒப்புக்கொள்வது. ஆனால் அந்தக் குறைபாட்டின் சுமை முழுவதையும் நோயாளிதான் சுமக்கிறார். இது எனக்குத் தெரியும். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆகவே உங்கள் நிலைப்பாடு?

மனநோயை மட்டும் காரணமாகக் கொண்டு இதைச் சட்டம் அனுமதிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஒழுங்கான சிகிச்சையும், இருக்க ஒரு வீடும், பேச ஓர் ஆளும் கிடைக்காதவர்கள் பெருவாரியாக இருக்கும்வரை இந்த ஒரு வாசலை மட்டும் அகலத் திறப்பது எனக்குச் சுதந்திரமாகத் தெரியவில்லை. அதே வேளையில், கேட்பவரிடம் அந்தப் பேச்சையே மறுப்பதைக் கொடுமை என்றும் நினைக்கிறேன். மருத்துவர் அதைக் கேட்க வேண்டும். பதறாமல், மிரட்டாமல், உடனே அடைத்துவைக்காமல் கேட்க வேண்டும்.

அக்கா இன்று உயிரோடு இருக்கிறார். இதை நான் வாதமாக வைக்கவில்லை. இருப்பவர்களின் கதையை மட்டும் எண்ணிக் கணக்குப் போடுவது பிழை. அவர் எடுத்துக்கொள்ளும் லித்தியம் என்ற மருந்து அவரை முழுதாகக் குணப்படுத்திவிடவும் இல்லை. நல்ல மாதங்கள் வருகின்றன, போகின்றன.

இதைப் படிக்கும் எனக்கே அந்த எண்ணம் இருக்கிறது. என்ன செய்வது?

இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நண்பரோ, மருத்துவரோ, உங்கள் நாட்டின் உதவி எண்ணோ, யாராக இருந்தாலும் சரி. இந்தியாவில் 14416 என்ற டெலி மனஸ் எனும் அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அந்த எண்ணத்தின்படி ஏதும் செய்துவிடுவீர்கள் என்று தோன்றினால் தனியாக இருக்காதீர்கள்; மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது ஒருவரை வரச் சொல்லுங்கள். அந்த எண்ணத்துக்காக வெட்கப்பட ஏதுமில்லை.

வீட்டில் ஒருவர் "என்னை விட்டுவிடுங்கள், போகிறேன்" என்று கேட்டால்?

நான் அன்று செய்ததைச் செய்யாதீர்கள். "அப்படியெல்லாம் பேசாதே அக்கா" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன். தற்கொலையைப் பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. அது தவறான பயம். நேராகக் கேளுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மருத்துவருக்கு உடனே தெரிவியுங்கள்.

நான் நான்கு நாட்கள் கழித்துத்தான் அந்தப் பேச்சை மீண்டும் எடுத்தேன். "அந்த நாயைப் பற்றிக் கேட்டீர்களே அக்கா, அன்று நான் சரியாகக் கேட்கவில்லை" என்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நான் மறுத்துப் பேசவில்லை. முடித்ததும், பசிக்கிறது என்றார்.